ரப்பர் ஏன் விறைக்கிறது? மறுபடி இளக்க முடியுமா?

போகிக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் வாக்குவம் கிளீனர் பரணை விட்டு இறங்கும். அப்புறம் ஆயுத பூஜைக்கு ஒருமுறை. மற்ற நாளெல்லாம் துடைப்பம்தான். இந்த முறை இறக்கி ஓட்டியதும் கூடம் முழுக்கக் கரகரவென்று சத்தம். தரையில் வைத்துத் தள்ளும் அந்தத் தட்டையான தலையைக் கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு சின்னச் சக்கரங்களின் ரப்பரும் கல் மாதிரி ஆகியிருந்தது. டைல்ஸில் கோடு விழுந்திருந்தது. உறிஞ்சும் வாயின் விளிம்பில் தரையோடு ஒட்டி நகர வேண்டிய ரப்பர் பட்டையை லேசாக வளைத்தேன். கடையில் வாங்கிய தட்டை உடைவது போலப் பட்டென்று உடைந்து ஒரு துண்டு கையோடு வந்தது.

"காய்ஞ்சு போச்சுடா, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி வை" என்றார் அம்மா. தடவி வைத்தேன். மறுநாள் சக்கரம் பளபளவென்று இருந்தது, ஆனால் அதே கல்தான். கூடவே வீட்டில் உதிர்ந்த முடி, தூசு எல்லாம் அதில் அப்பிக்கொண்டது.

அம்மா சொன்ன 'காய்ஞ்சு போச்சு' என்ற சொல்லில்தான் குழப்பமே தொடங்குகிறது. நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். சுண்டைக்காய் வற்றல் போல, ஊறவைத்தால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும் என்ற நினைப்பும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. ஆனால் ரப்பரில் காய்வதற்கு முதலில் ஈரமே கிடையாது. அது விறைப்பதற்குக் காரணம் வேறு. காரணம் ஒன்றல்ல, இரண்டு மூன்று. உங்கள் கையில் இருக்கும் துண்டு எந்தக் காரணத்தால் விறைத்தது என்று தெரிந்தால், அதோடு மல்லுக்கட்டலாமா, தூக்கிப்போடலாமா என்பதும் தெரிந்துவிடும்.

வலையும் முடிச்சும்

காசிமேட்டில் வலையை மடியில் போட்டு முடிச்சுப் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு முடிச்சு இருக்கும் வலையை எப்படியும் இழுக்கலாம், சுருட்டலாம். அதே நூலில் விரல்கடைக்கு ஒரு முடிச்சு போட்டுப் பாருங்கள், வலை கனத்துப் பாய் மாதிரி ஆகிவிடும். நகத்தளவு இடைவெளிக்கு ஒன்று போட்டால் பலகைதான்.

ரப்பருக்குள் இருப்பதும் நூல்தான், கண்ணுக்குத் தெரியாத நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மரத்தைக் கீறி எடுக்கும் பாலில் இந்தச் சங்கிலிகள் முடிச்சில்லாமல் பின்னிக் கிடக்கின்றன. அதனால்தான் பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். பெரிதாக எதற்கும் உதவாது. 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடுபடுத்தினால் இந்தத் தொல்லை தீர்கிறது என்று கண்டார். 1844-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கந்தகம் செய்வது சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே ஆங்காங்கே முடிச்சுப் போடுவதுதான். முடிச்சு இருப்பதால் இழுத்தாலும் சங்கிலிகள் நழுவி ஓடிவிடாது. முடிச்சுகளுக்கு நடுவே தளர்வான நீளம் இருப்பதால் வளையும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். இந்த வேலைக்கு வல்கனைசிங் என்று பெயர். பங்க்சர் கடைப் பலகையில் பார்த்திருப்பீர்களே, அதே சொல்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெய் உறைந்தால் உருக்கலாம், மறுபடி உறையும், மறுபடி உருக்கலாம். இட்லி அப்படியல்ல. வெந்த இட்லியை எவ்வளவு சூடாக்கினாலும் மாவாகாது. கந்தக முடிச்சு விழுந்த ரப்பர் இட்லிக் கட்சி. சூடு காட்டினால் உருகாது; ரொம்பக் காட்டினால் கருகும்.

சரி, விறைப்பு எங்கிருந்து வருகிறது? தொழிற்சாலையில் போட்ட முடிச்சோடு கதை நின்றுவிடுவதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜன் சத்தமில்லாமல் உள்ளே புகுந்து வருஷக்கணக்கில் புதுப்புது முடிச்சுகளைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. தளர்வான நீளம் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் வலை பலகையாகிறது. இதற்கு மருந்தாகத் தயாரிப்பிலேயே ஆக்சிஜனைத் தடுக்கும் பொருட்களைக் கலப்பார்கள். அவையும் ஒருநாள் தீர்ந்துபோகும்.

வெப்பம் கூடினால் இந்த வேலை வேகமெடுக்கும். பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் ஒரு பொதுக்கணக்கு. துல்லியமான விதி இல்லை, ஆனாலும் கைக்கு உதவும் கணக்கு. சென்னையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண் கத்திரி வெயிலில் எப்படி இருக்கும் என்று ஏறி எதையாவது தேடியவர்களுக்குத் தெரியும். என் வாக்குவம் கிளீனர் உழைத்துத் தேயவில்லை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அந்தச் சூட்டில் சும்மா கிடந்தே கெட்டது.

எல்லா ரப்பரும் கல்லாவதில்லை

பழைய ரேஷன் கார்டு, ரசீதுக் கட்டு இவற்றைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டை நினைத்துப் பாருங்கள். சில நொறுங்கும். சில பாகு மாதிரி உருகித் தாளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே ஆக்சிஜன், இரண்டு விதமான சேதம். முடிச்சு அதிகமானால் விறைப்பு. சங்கிலியே வெட்டுப்பட்டால் பிசுபிசுப்பு. இயற்கை ரப்பரில் வெட்டுப்படுவது அதிகம், அதனால் முதலில் ஒட்டும். எண்ணெய்க்குத் தாங்கும் நைட்ரைல், டயரில் வரும் எஸ்பிஆர் போன்ற செயற்கை வகைகளில் முடிச்சு விழுவதே அதிகம், அவை விறைக்கும்.

மூன்றாவது எதிரி ஓசோன். வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்தால் தரைமட்டத்தில் உருவாகிற வாயு அது. நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. இழுபட்டோ வளைந்தோ இருக்கும் ரப்பரை அது பிடித்துக்கொள்ளும். பழைய சைக்கிள் டயரின் பக்கவாட்டில் பொடிப்பொடியாக வெடிப்பு ஓடுமே, அதில் இதன் கைவரிசை உண்டு. வெடிப்பு எப்போதும் இழுவைக்குக் குறுக்காகத்தான் விழும். வெடிப்பு விழுந்த துண்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், மாற்ற வேண்டியதுதான்.

அப்புறம், நாம் ரப்பர் என்று சொல்பவற்றில் பாதி ரப்பரே இல்லை. பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸை ரொம்ப நாள் கழித்துத் திறந்தால் அழிக்கும் ரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்தால் ஸ்கேலில் அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம் இருக்குமே, நினைவிருக்கிறதா? அந்த வெள்ளை ரப்பர் பெரும்பாலும் பிவிசி. பிவிசி இயல்பிலே கெட்டியானது. தண்ணீர்க் குழாய் அதுதானே. அதில் எண்ணெய் போன்ற ஓர் இளக்கியைக் கலந்தால்தான் மெத்தென்று வரும். அந்த இளக்கி ஓரிடத்தில் நிற்காது. மெல்லக் கசிந்து பக்கத்தில் இருக்கும் ஸ்கேலுக்குள் போய் அதை இளக்கிவிடும். இளக்கியை இழந்த ரப்பர் கெட்டியாகி, தாளை அழிப்பதற்குப் பதில் கிழிக்கும். அம்மா சொன்ன 'காய்ஞ்சு போச்சு' உண்மைக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது இந்த ஒரு வகையில்தான்.

வாக்குவம் கிளீனரின் துணைக்கருவிகளில் இவை எல்லாம் கலந்து கிடக்கும். சக்கரத்தில் ரப்பர், விளிம்புப் பட்டையில் ரப்பரோ மெத்துப் பிளாஸ்டிக்கோ, மடிப்பு மடிப்பான நீளக் குழாயில் இன்னொரு பிளாஸ்டிக், பிடியில் மெத்தென்ற பூச்சு. அந்தப் பூச்சு பிசுபிசுவென்று ஆவது தனிக் கதை. கடற்கரை ஊர்க் காற்றின் ஈரத்தில் அது சிதைகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் தேய்த்து அந்தப் பூச்சை மொத்தமாக எடுத்துவிடுங்கள், அடியில் சுத்தமான பிளாஸ்டிக் இருக்கும். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை.

முதலில் நகத்தை வைத்துப் பாருங்கள்

ரப்பரின் கெட்டித்தன்மையை ஷோர் ஏ என்ற அளவுகோலில் சொல்வார்கள். ஓர் ஊசிமுனை எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் கணக்கு. ரப்பர் பேண்ட் 25-ஐ ஒட்டி வரும், வண்டி டயர் 60 முதல் 70 வரை. நமக்குக் கருவி வேண்டாம், கட்டைவிரல் நகம் போதும். அழுத்தினால் பள்ளம் விழுந்து உடனே மறைந்தால் உயிர் இருக்கிறது. பள்ளமே விழவில்லை என்றால், ஓரத்தில் மறைவான இடத்தில் உப்புத்தாளால் நாலு தேய்ப்பு தேய்த்துவிட்டு அந்த இடத்தில் மறுபடி நகத்தை வையுங்கள்.

இந்த இரண்டாவது சோதனை முக்கியம். ஆக்சிஜன் வெளியிலிருந்துதான் உள்ளே போக வேண்டும். போகிற வழியிலேயே மேல்தோலில் பெரும்பகுதி செலவாகிவிடும். அதனால் தடிமனான ரப்பரில் தோல் மட்டும் கல்லாகி, உள்ளே மெத்தென்றே இருக்க வாய்ப்புண்டு, வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு என்று வடை இருப்பதைப் போல. மெல்லிய பட்டைக்கு உள்ளே என்று ஒன்று கிடையாது; அது அப்பளம். ஒரே பரணில், ஒரே வருஷங்கள் கிடந்தும் என் சக்கரம் பிழைத்து, பட்டை பிழைக்காமல் போனதற்கு இதுதான் காரணம்.

சக்கரத்தைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, அதன் நடுத்துளையில் ஒரு நீள போல்ட்டைச் செருகி நட்டைப் போட்டு இறுக்கினேன். அதைத் துளை போடும் டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டு, மேலே 220 எண் உப்புத்தாளைப் பிடித்தேன். கரும்பொடி கொட்டியது. முகத்தில் மாஸ்க் இருக்கட்டும், பால்கனியில் செய்யுங்கள். அரை மில்லிமீட்டர் போனதும் பளபளப்பு மறைந்து மங்கலான கறுப்பு வந்தது. நகம் அமுங்கியது. தரையில் வைத்துத் தள்ளினால் சத்தம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. நான் செய்தவற்றில் உண்மையிலேயே பலித்தது இதுதான். எதையும் ஊறவைக்கவில்லை, எதையும் தடவவில்லை.

தைலம் என்ன செய்கிறது?

ஊறவைக்கும் வைத்தியமும் உண்டு. பழைய பைக் பிரியர்கள், டைப்ரைட்டர் பழுதுபார்ப்பவர்கள் நடுவில் நெடுநாளாகப் புழங்குவது. ஊட்டிக்குப் போனால் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் விண்டர்கிரீன் எண்ணெய் என்று ஒரு புட்டி விற்பார்களே, அதுதான் மருந்து. அதன் முக்கியப் பொருள் மெத்தில் சாலிசிலேட். மூட்டுவலித் தைலத்தைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாசனை அதுதான். ஒரு பங்கு எண்ணெய்க்கு மூன்று பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்து, விறைத்த துண்டைச் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரை மூழ்கவைப்பார்கள். சைலீன் என்ற கரைப்பானையும் சேர்ப்பவர்கள் உண்டு. வீட்டுக்குள் அது வேண்டாம் என்பேன். வாடையும் ஆவியும் மோசம், பல பிளாஸ்டிக்குகளை அது தின்றும்விடும்.

ஊறிய துண்டு உண்மையிலேயே மெத்தென்று ஆகும். ஆனால் என்ன நடந்தது என்று யோசியுங்கள். விழுந்த முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. வலைக்கண்களுக்கு நடுவே தைலம் புகுந்து அவற்றை அகட்டி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ரப்பர் உப்பியிருக்கிறது, கொஞ்சம் பெரிதாகவும் ஆகியிருக்கும். தைலம் நாளடைவில் ஆவியாகி வெளியேறும். விறைப்பு திரும்பி வரும். பிதுங்கிய இளக்கியின் இடத்தில் புதியதை நிரப்புவது என்று எடுத்துக்கொண்டால் அர்த்தம் உண்டு. பழைய ரப்பரை இளமையாக்குவது என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்.

ஆகவே இதை எப்போது செய்யலாம்? மாற்றுத் துண்டு எங்குமே கிடைக்காதபோது. அல்லது விறைத்துச் சிக்கிக்கொண்ட ஒரு வளையத்தை உடைக்காமல் ஒருமுறை கழற்றவோ மாட்டவோ வேண்டியிருக்கும்போது. உடைந்த என் பட்டையின் ஒரு துண்டை ஊறவைத்துப் பார்த்தேன். வளைந்தது, ஆனால் அகலம் கூடி, பள்ளத்துக்குள் நுழையவே இல்லை. சமையலறை ஒரு வாரம் தாத்தா ரூம் மாதிரி மணந்தது.

ஓர் எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த எண்ணெய் ஒரு டீஸ்பூன் வயிற்றுக்குள் போனாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. டம்ளரிலோ ஊறுகாய்ப் பாட்டிலிலோ ஊறவைத்து மேசையில் விட்டுவிடாதீர்கள். ஆல்கஹால் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

தேங்காயெண்ணெய், வாசலின், எஞ்சின் ஆயில் எல்லாம் இதே அகட்டும் வேலையைத்தான் செய்கின்றன, இன்னும் மோசமாக. இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பி, பலமிழந்து, பிசுபிசுக்கும். என்னுடைய சக்கரம் எண்ணெயைக் குடிக்கக்கூட இல்லை; மேலேயே பூசிக்கொண்டு முடி பொறுக்கியது. சிலிகோன் எண்ணெய் மட்டும் பெரும்பாலான ரப்பர் வகைகளுக்குத் தீங்கு செய்யாது. அதுவும் வழுக்கலைத்தான் தரும், இளக்கத்தைத் தராது.

வெந்நீர் வைத்தியத்துக்கும் ஓர் இடம் உண்டு. நெய்க் கட்சி என்று சொன்னேனே, உருகி உறையும் பிளாஸ்டிக் வகை, அதற்கு. நீளக் குழாய் மடங்கிய இடத்தில் நசுங்கிப் போயிருந்தால், கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் உள்ள வெந்நீரில் கொஞ்ச நேரம் முக்கி, கையுறையோடு உருட்டி வட்டமாக்கி, அதே நிலையில் ஆறவிடுங்கள். பெரும்பாலும் நேராகிவிடும். வடிவம்தான் மீளும், இழந்த மென்மை மீளாது.

வெந்நீருக்கு நேர் எதிர் வைத்தியம் நம் வீடுகளில் உண்டு. குக்கர் கேஸ்கட் தளர்ந்தால் ஃப்ரீசரில் வைத்து எடுத்து மாட்டுவது. சூட்டிலும் எண்ணெயிலும் விரிந்துபோன வளையம் குளிரில் கொஞ்சம் சுருங்கும். ஆவி கட்டும் வரை மூடியைப் பிடித்துக்கொள்ளும். ஓரிரு சமையலுக்கு வரும், கடைக்குப் போகும் வரை. கேஸ்கட்டுக்குத் தைலம் எதுவும் காட்டிவிடாதீர்கள், அது சோற்றுக்கு மேலே இருக்கும் பொருள். கேஸ் அடுப்பின் ரப்பர் ட்யூபோ இந்தக் கட்டுரைக்கே வெளியே உள்ள விஷயம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, வெடிப்பு கண்டால் அன்றைக்கே, புதியது மாற்ற வேண்டும். அதைத் தடவிக் கொடுத்துக் காப்பாற்ற முயலவே கூடாது.

மாற்றுவது என்றால்

என் மாடலுக்கு உதிரிப் பட்டை வருவதில்லை, தலையை முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள் சர்வீஸ் சென்டரில். அவர்கள் சொன்ன விலைக்கு இரண்டு வருஷத்துத் துடைப்பம் வாங்கலாம். உடைந்த துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாரிமுனைப் பக்கம் போனேன். ரப்பர் ஷீட், ஓ-ரிங், கேஸ்கட் விற்கும் கடைகள் அங்கே உண்டு. பழைய துண்டைக் கையில் எடுத்துப் போவது ரொம்ப முக்கியம். வாயால் 'இம்மாந்தண்டி' என்று காட்டினால் கிடைப்பது இம்மாந்தண்டியாகத்தான் இருக்கும். ஓ-ரிங் என்றால் உள்விட்டம், தடிமன் இரண்டும் வேண்டும்.

கடைக்காரர் துண்டை மடக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஷீட்டு வெட்டுறதை விட கார் வைப்பர் ரப்பர் வாங்கிப் போடுங்க சார்" என்றார். நல்ல யோசனை. வைப்பருக்குள் செருகும் அந்த ரப்பர் வெயிலுக்கும் மழைக்கும் என்றே செய்தது. மெல்லிய உதடும் அடியில் தடித்த வேரும் இருக்கும். வேரைப் பிளேடால் கொஞ்சம் சீவியதும் பள்ளத்தில் சிக்கென்று உட்கார்ந்தது. இரண்டு முனையிலும் பங்க்சர் சொல்யூஷன் ஒரு சொட்டு.

சக்கரத்தில் தேய்த்தெடுத்த தடிமனை ஈடுகட்ட, பழைய சைக்கிள் ட்யூபைக் குறுக்கே வளையமாக நறுக்கி மேலே இழுத்து மாட்டலாம். பியூட்டைல் ட்யூப் என்று கேட்டு வாங்குங்கள். இழுபட்ட நிலையிலேயே இருக்கப்போகும் ரப்பர் அது. பியூட்டைல் ஓசோனுக்கு நன்றாக ஈடுகொடுக்கும், சாதாரண ரப்பர் சீக்கிரம் வெடிக்கும்.

இப்போது தலையைத் தனியாகக் கழற்றி, துடைத்து, துணிப்பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், பட்டை மடங்காதபடி கவிழ்த்து. மற்ற பிளாஸ்டிக் சாமான்களோடு ஒட்டாமல் நடுவே ஒரு செய்தித்தாள். எஞ்சிய உடம்பும் குழாயும் இன்னும் பரணில்தான் இருக்கின்றன. கட்டிலுக்கு அடியில் அவ்வளவுதான் இடம். மீதி இடமெல்லாம் அம்மாவின் பித்தளைப் பாத்திரங்களுக்கு.